வியாழக்கிழமைக் கறப்பு

சித்திரையில் வந்தபோது நானூறு.
அறுபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை
தன்னில் பாதியைத் தின்றுவிட்டு நிற்கும்
இந்த ஈய உருளை.
மூன்று பாதி கழிந்து, ஐப்பசிக் கடைசியில்,
ஐம்பது மில்லிகியூரி.
மாற்று உருளை மேட்டுப்பாளையத்தில் லாரிக்குள் இருக்கிறது.
குஞ்சப்பனையில் சாலை இல்லை.

உள்ளே டங்ஸ்டன்,
அலுமினாப் பொடியைக் கவ்விக்கொண்டு
ஓயாமல் ரீனியமாகிக்கொண்டிருக்கிறது.
உப்புநீரை ஏற்றினால்
தாய் நிற்கும், சேய் இறங்கும்.
எங்கள் தொழிலில் இதற்குக் கறப்பது என்று பெயர்.
எருமை கட்டிய ஹட்டியில் பிறந்தவள் நான்.
வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்ததற்கு
வெளியே நிற்க வைத்தார்கள்.
உதைக்காத மடிதான்,
ஈயத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரை.

சொட்டுகிறது.
பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர் நிறத்தில் தண்ணீர்.
கிழட்டு உருளை, டங்ஸ்டனும் கொஞ்சம் கசியும்.
இன்னொரு சிறு அலுமினா வழியே இறக்கி
அதைப் பிடித்து வைக்கிறேன்.
ஒட்டாமல் திரிவது எதுவும்
இந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் நுழையக் கூடாது.
பிறகு மருந்து, துளி வெள்ளீயம், கால் மணி நேரச் சூடு.
கொதிநீரில் வை என்கிறது செய்முறைத்தாள்.
எழுதியவர் சமவெளிக்காரர்.
கோத்தகிரியில் தண்ணீர்
தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.
அதனால் உலோகப் பாளம். நூறு டிகிரி. என் கைக்கடிகாரம்.

ஒருவருக்கு நாற்பது வேண்டும்.
பெயர்கள் இரண்டு.
சந்தனம், அறுபத்தேழு, டேன்டீ லைன்,
புராஸ்டேட்டிலிருந்து இடுப்பெலும்புக்கு.
பிலோமினா, ஐம்பத்திரண்டு, கீழ்கோத்தகிரி,
மார்பிலிருந்து முதுகுத்தண்டுக்கு.
ஆளுக்குப் பாதி கொடுத்தால் இருவருக்குமே இல்லை.
டாக்டர் கணக்கைக் கேட்டார்.
இரண்டு நாள் விட்டால்
மறுபடி நாற்பத்துமூன்று ஊறும் என்றேன்.
"யாருடைய இரண்டு நாள்?" என்றார்.
கால்குலேட்டரை மூடிவிட்டேன்.

முடிவை மழை எடுத்தது.
கீழ்கோத்தகிரி பஸ் வரவில்லை.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதையும் எழுதி வைக்கிறேன்.

சந்தனம் தேயிலை ஆலையில்
சல்லடை மெஷினுக்கு முப்பது வருஷம் நின்றவர்.
கையில் ஊசி ஏறும்போது கேட்டார்:
"எங்க போகணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"
தெரியாது.
எலும்பு எங்கே அவசரமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறதோ
அங்கே இதையும் சுண்ணாம்புச் சரக்கு என்று நம்பி
உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றேன்.
"அப்ப கலப்படம்" என்றார்.
ஆமாம்.
சிரிக்கப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
பேத்தியைச் சில நாள் மடியில் வைக்காதீங்க,
கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்க.
தலையாட்டினார்,
கேட்டதுபோலவும் கேட்காததுபோலவும்.

மாலையில் வாட்ச்மேன் அழைத்தார்.
கழிவுக் கிடங்குச் சுவரில் காட்டெருமை ஒன்று
முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.
"மேடம், அதுக்கு ஏதும் ஆகிடுமா?"
இரண்டடி கான்கிரீட், உள்ளே பழைய ஊசிகள்,
பத்துப் பாதி கழியும்வரை பூட்டு.
ஒன்றும் ஆகாது.
சுவருக்குத்தான் ஆகும்.

சனிக்கிழமை பிலோமினா
பால் ஜீப்பில் முன்சீட்டில் வந்தார்.
நாற்பத்துமூன்று கறந்து, வடித்து, சூடேற்றி,
ஊசிக்கு வந்தபோது நாற்பது.
வியாழன் ராத்திரி கட்டிலில் சாய முடியாமல்
பீரோவைப் பிடித்துக்கொண்டு
நின்றே விடிந்தது என்றார்.
எங்களைக் குறை சொல்லவில்லை,
பீரோ ஆடியதைத்தான் சொன்னார்.
"பஸ் வரலையே" என்றேன்.
அது உண்மை.

பதிவேட்டில் எழுதினேன்:
அளவு நாற்பது. நேரம் பதினொன்று இருபது.
மை காய்வதற்குள்
அந்த எண் கொஞ்சம் பொய்யாகியிருந்தது.
கடைசிக் கட்டம், குறிப்பு.
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
சாலை என்று மட்டும் எழுதினேன்.